ஜன்னலோர சீட்டில் ஒரு கலப்பை

மைசூர் பஸ்களில் கைக்குழந்தைக்கு இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர்கள் உண்டு. கோழிக்கூடைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு கலப்பைக்கு ஜன்னலோர சீட் கொடுத்து, முறைப்படி டிக்கெட்டும் போட்டு, வழியெல்லாம் அதற்குக் காற்று வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்ட கண்டக்டர் இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் என் ரூம்மேட்.

நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், உங்களுக்கு இதுவரை சாதுவான ரூம்மேட்களே வாய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர்கள்.

விஜயநகரில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் அப்போது தங்கியிருந்தேன். சேலத்திலிருந்து போய் ஒரு டைல்ஸ் ஷோரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. முதல் நாள் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்தேன். கணுக்காலில் எதுவோ நறுக்கென்று குத்தியது. குனிந்து பார்த்தால், எதிர்க்கட்டிலுக்கு அடியிலிருந்து என் கட்டில்வரை நீண்டு கிடக்கிறது ஒரு கறுத்த மரம். நுனியில் இரும்பு.

"பயப்படாத அம்மிணி, கடிக்காது. கலப்பைதான்" என்று ஒரு குரல் வந்தது. காக்கி உடுப்பில் குட்டையாக, உருண்டையாக, தோளில் டிக்கெட் மெஷின் பையோடு ஓர் அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"கலப்பைன்னு தெரியுதுக்கா. இங்க எதுக்கு?"

"மாடியில எடமில்ல. அங்க நாலு கெடக்குது."

இதற்கு மேல் என்ன கேட்பது? அந்த வீட்டுச் சுவரில் சட்டதிட்டங்கள் ஒட்டியிருந்தன. ரூமில் சமைக்கக் கூடாது, முட்டை கூடாது, ஆண் நண்பர்கள் கூடாது. கலப்பை கூடாது என்று எழுத ஓனரம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு ஓட்டை வழியாக அக்கா ஒரு பண்ணையையே உள்ளே கொண்டுவந்திருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக் கொங்குத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் பஸ்ஸில் வேலை. அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'கலப்பை கண்டக்டர்' என்றுதான் சொல்வார்கள். ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எடமில்லீங், வண்டி ஃபுல்" என்பாள்.

பஸ் போகும் வழியில் எந்த வீட்டு வாசலில் எந்தப் பழைய கலப்பை கிடக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஒன்று கோழிக் கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஒன்று டீக்கடைக்குப் பின்னால் விறகாகும் நாளுக்குக் காத்திருக்கும். திரும்பி வரும்போது விசில் ஊதி வண்டியை நிறுத்தி, இறங்கிப் பேசி, தூக்கிக்கொண்டு ஏறுவாள். இன்ஜினை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி ஏற்றிய ஒரு கலப்பைக்குத்தான் ஜன்னலோர சீட். கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று அதன் நீண்ட ஏர்க்காலைக் கழற்றி நடைபாதையில் படுக்கவைத்துவிட்டு, மிச்சத்தை சீட்டில் சாய்த்து வைத்திருக்கிறாள். அன்றைக்கென்று பார்த்து செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். உரையாடல் கன்னடத்தில் நடந்தது. டிரைவர் சொல்லி நான் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"இது யாருது?"

"என்றதுங் சார்."

"லக்கேஜ் டிக்கெட்?"

"எடுத்தாச்சுங்."

"யாரு குடுத்தது?"

"கண்டக்டர்."

"கண்டக்டர் யாரும்மா?"

"நான்தானுங்."

"எடுத்தது?"

"அதும் நான்தானுங் சார்."

"லக்கேஜை எதுக்கு சீட்ல உக்கார வெச்சிருக்கே?"

"நிக்க வெச்சா வுழுந்துருமுங். வயசாயிருச்சு."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவரைப் பார்த்து, "உங்களுக்கு உட்கார வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர், "எனக்கு முன்னாடியே அது ஏறிடுச்சு சார், நியாயம்னு ஒண்ணு இருக்கே" என்றாராம். இன்ஸ்பெக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் பேசும் மைசூர்த் தமிழம்மா. முதலில் கலப்பைகளைக் கண்டு கத்தியவர், மொட்டை மாடியில் வரிசையாகச் சாய்த்து வைத்த ஏர்க்கால்களில் புடவை நன்றாகக் காய்கிறது என்று கண்டுபிடித்ததும் அடங்கிவிட்டார். அதன் பிறகு அவரே, "ஏனம்மா, ஈ வாரம் புதுசா ஒண்ணும் வரலியா? எனக்கு பெட்ஷீட்டு காயப்போடணும்" என்று கேட்க ஆரம்பித்தார்.

தசரா சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தலைகால் புரியாது. எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டிகள் வரிசையாக மாலை போட்டு நின்றன. ஓனரம்மாவின் வாஷிங் மெஷினும் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தது. அக்கா தன் கலப்பைகளை அந்த வரிசையில் கொண்டுவந்து சேர்த்தாள். புரோகிதருக்கு அன்று ஊரெல்லாம் கிராக்கி. வேகவேகமாக ஒவ்வொரு வண்டியாகத் தீபம் காட்டிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா, சங்கல்பத்துக்கு" என்றார்.

"இதுக்கு நம்பர் இல்லீங் சாமி."

"புது வண்டியா? டெம்பரரி நம்பர் இருக்குமே?"

"நம்பர் கண்டுபுடிக்கறதுக்கு முந்தின வண்டிங் சாமி இது."

புரோகிதர் அப்போதுதான் நிமிர்ந்தார். பார்த்தவர், மற்ற வண்டிகளுக்குச் சொன்னதைவிட நீளமான ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு மேஜையில்தான் அக்காவைத் தாங்க முடியாது. தட்டில் உப்புமா விழுந்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும். ஸ்பூனின் நுனியால் நேராக ஒரு கோடு கீறுவாள். "பாரு, இது மரக் கலப்பை. மண்ணைக் கீறிட்டுப் போகும், அவ்வளவுதான். ஈரம் உள்ளயே இருக்கும்." பிறகு ஸ்பூனைச் சாய்த்துப் புரட்டுவாள். "இது இரும்புக் கலப்பை. அடிமண்ணை மேல கொண்டாந்து போட்டுரும்." அதற்குள் உப்புமா ஆறிவிடும். ஆறிய உப்புமா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கெங்கோ மியூசியங்களில் பார்த்தது, லைப்ரரியில் படித்தது, பஸ்ஸில் ஏறிய வாத்தியார்களைப் பிடித்துக் கேட்டது எல்லாம் அவளிடம் இருந்தது. ராஜஸ்தானில் ஓரிடத்தில் மண்ணுக்கடியில் நாலாயிரம் வருஷத்துக்கும் முந்தைய உழுத வயலே அப்படியே கிடைத்திருக்கிறதாம். நெடுக்காக ஒரு வரிசை உழவுச்சால், குறுக்காக ஒரு வரிசை சால். "ஒண்ணுல ஒரு பயிரு, இன்னொண்ணுல வேறொரு பயிரு போட்டிருப்பாங்களாட்ட இருக்குது. நாம இன்னைக்குச் செய்யற ஊடுபயிர்தான்." ஹரியானாவில் குழந்தைகள் விளையாடிய களிமண் கலப்பை ஒன்று தோண்டும்போது கிடைத்ததாம். "அந்தக் காலத்துல சின்னப் புள்ளைங்க கலப்பையை வெச்சு வெளையாடியிருக்குது. நீங்க என்னடான்னா என்னையப் பாத்துச் சிரிக்கறீங்க."

அவளுடைய சரித்திரத்தில் ஒரு கட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். "மொதமொதல்ல மண்ணைக் கெளறுனது ஒரு கழி அம்மிணி. ஒரு முனை கூரா இருக்கும். கெழங்கு தோண்டற கழி. அதைப் புடிச்சது பொம்பளையாத்தான் இருக்கோணும். அப்பறம் வளைஞ்ச கெளை ஒண்ணை வெச்சு ஒருத்தர் இழுக்க ஒருத்தர் அழுத்துனாங்க. அதுவரைக்கும் நாமளும் இருந்தோம். மாட்டைக் கொண்டாந்து கட்டுனாங்க பாரு, அன்னைக்கு ஆம்பளை வந்து, 'நீ அக்கட்டால நகரு'ன்னுட்டான். விதைக்க மட்டும் கூப்புடுவான். மூங்கில் கொழாய் வெச்ச கூரிகே இருக்குதல்ல, அதுல விதை போட பொம்பளை கை வேணும். ஏர் புடிக்க மட்டும் ஆவாது. புடிச்சா மழை பேயாதாம்."

"யாருக்கா சொன்னது?"

"மழை சொல்லல" என்பாள்.

அவளிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. புதிதாக ஒரு கலப்பை வந்ததும் அதை நிமிர்த்தி வைப்பாள். கையால் பிடிக்கும் மேழி இருக்கிறதே, அதைத் தன் இடுப்போடு ஒட்டி அளந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, "ம்ஹூம், உசரம்" என்று உதட்டைப் பிதுக்கி மாடிக்கு அனுப்பிவிடுவாள். ரெடிமேட் கடையில் சுடிதார் வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். ட்ரையல் ரூம் வேண்டுமா என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு லீவு நாளில் ஸ்ரீரங்கப்பட்டணத்து மாட்டுக் கொட்டகை ஒன்றில் கயிறு மாட்டும் கொக்கியாகக் கிடந்த கலப்பை ஒன்றைக் கொண்டுவந்தாள். நிமிர்த்தினாள். இடுப்போடு வைத்தாள். எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு, "அம்மிணி, சரியா இருக்குது" என்றாள். குரலே மாறிப்போயிருந்தது.

"எது?"

"உசரம்."

அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. அவள் அப்பா இறந்தபோது ஹனூர்ப் பக்கத்து மானாவாரி நிலம் ஒன்றை விட்டுப் போயிருந்தார். பிள்ளை என்று இவள் ஒருத்திதான். பட்டா இவள் பெயரில். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் இவளுடைய சித்தப்பா. நம் பக்கம் சித்திரையில் வருஷத்தின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவதுபோல் அங்கே யுகாதியன்று பூட்டுகிறார்கள். கன்னடத்தில் ஹொன்னாரு. அன்றைக்கு எவர் ஏர் ஒரு நிலத்தில் முதல் சால் போடுகிறதோ, அந்த வருஷம் நிலம் அந்தக் கைக்கு என்பது அவர்கள் ஊர் வழக்கம். வேலைக்கு ஆள் வருவதும் மாடு கிடைப்பதும் அந்தக் கைக்குத்தான். அப்பா போனதிலிருந்து அந்த நிலத்தில் சால் போடுவது சித்தப்பா. கேட்கப் போனவளிடம், "உன்ற கையால ஏர் புடிச்சு ஒரு சுத்து வந்துரு, நெலத்தை வுட்டறேன்" என்று சிரித்திருக்கிறார்.

இவள் அங்கேயே அப்பாவின் கலப்பையைப் பிடித்திருக்கிறாள். அப்பா ஆறடி ஆள். கலப்பை என்பது பிடிக்கிறவரின் உயரத்துக்குச் செய்வது. மேழி இவள் நெஞ்சுக்கு வந்தது. அழுத்தம் கொடுக்க முடியாமல், நுனியிலிருக்கும் இரும்புக் கொழு மண்ணில் இறங்காமல் துள்ளித் துள்ளி ஓடியது. ஊரே சிரித்தது. தச்சரிடம் போய் எனக்கொன்று செய்து கொடு என்று கேட்டால், "பொம்பளைக்கு ஏர் செஞ்சா என்ற உளி வெளங்காது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்று தேட ஆரம்பித்ததுதான் இத்தனை கலப்பையும். தேடப்போன இடத்தில் அதன்மேல் ஆசையும் வந்துவிட்டது.

"அப்போ இது ஒரு பொம்பளைக்காகச் செஞ்ச கலப்பையாக்கா?" என்று கேட்டுக் கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சுக் கேட்டேன். அவுங்க தாத்தா குள்ளமாம்" என்றாள். "பரவால்ல. நல்லா இருக்கட்டும் அந்தக் குள்ளத் தாத்தா."

யுகாதிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பழக வேண்டுமே! பக்கத்துக் காலி மனையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. மாட்டுக்கு எங்கே போவது? நுகத்தடியின் இடப்பக்கம் நான், வலப்பக்கம் ஓனரம்மா. பின்னால் அக்கா ஏர் பிடிக்கிறாள். "வலத்தாளு மெதுவா வாங், எடத்தாளு இழு!" என்று அதட்டல் வேறு. வலத்தாள் மாதா மாதம் எங்களிடம் வாடகை வாங்குகிறவர் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வாக்கிங் வந்த பென்ஷன்காரர்கள் கேட்டருகே வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"ஏன்ரீ இது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜிம்முக்குப் போனா வீணா காசு ரீ" என்றார் ஓனரம்மா, மூச்சிரைக்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பென்ஷன்காரர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

யுகாதிக்கு முந்தைய நாளே மூன்று பேரும் கலப்பையோடு பஸ் ஏறினோம். அக்கா லீவு. பயணியாகப் போகிறவள் உட்கார வேண்டியதுதானே? உட்கார மாட்டேன் என்கிறாள். கொள்ளேகால்வரை "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அந்த பஸ்ஸின் கண்டக்டருக்கே தொல்லை.

மறுநாள் காலை வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தார்கள். ஊரே மஞ்சள் குங்குமம் பூசிய கலப்பைகளோடு கோயிலில் கூடியது. சித்தப்பா எப்படிப்பட்ட வில்லன் என்று பார்க்க ஆசையாக இருந்தேன். அந்த மனிதர் எங்களுக்கு இரண்டு தரம் காபி கொடுத்தார், பயணம் சௌகரியமா என்று கேட்டார். அதுதான் கடுப்பாக இருந்தது. அவர் சிரித்த முகமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் ஒருத்தரும் அக்காவுக்கு மாடு தரவில்லை.

அவருக்குத் தெரியாதது, அக்கா அடுத்த ஊரிலிருந்து ஒரு ஜோடி மாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள். கோயில் பூஜை முடிந்து எல்லோரும் அவரவர் நிலத்துக்குப் போகும் நேரத்தில் ஒரு வண்டிக்காரர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று, கொம்பில் குஞ்சம் கட்டி, பார்க்க அப்படி ஒரு கம்பீரம். சித்தப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. தன் ஏரைப் பூட்டாமல் அப்படியே விட்டுவிட்டு எங்கள் வரப்புக்கு வந்துவிட்டார். ஊரும் பின்னாலேயே வந்தது.

"பொம்பளை ஏர் புடிச்சா மழை பேயாது, பாத்துக்க" என்றார்.

"போன வருஷம் எல்லாம் ஆம்பளைங்கதானே ரீ புடிச்சீங்க? எங்கே மழை?" என்றார் ஓனரம்மா.

சித்தப்பா அவரை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். "மொறைன்னு ஒண்ணு இருக்குது. சால் ஆரம்பிச்சா, ஒரு சுத்து வந்து சேர்ற வரைக்கும் மேழியில இருந்து கை எடுக்கப்படாது. எடுத்தா செல்லாது. அப்பறம் சித்தப்பன் சொல்லலைன்னு சொல்லாத."

"எடுக்க மாட்டன். மொதச் சால் யாருதோ அவுங்களுக்குத்தான நெலம்? அதுல மாத்தமில்லீங்களே?"

"ஊருக்கே தெரிஞ்ச வழக்கம். அதுல என்ன மாத்தம்?"

அக்கா மேழியைப் பிடித்தாள். குள்ளத் தாத்தாவின் கலப்பை அவள் இடுப்பில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு கையில் கயிறு. "ஹேய்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கொழு மண்ணில் இறங்கியது. துள்ளவில்லை. கறுப்பாக, ஈரமாக ஒரு கோடு விழ ஆரம்பித்தது. ஓனரம்மா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

நிலத்தின் அந்தக் கோடி வந்தது. இங்கேதான் மாடு திரும்ப வேண்டும்.

மாடு திரும்பவில்லை.

தினம் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போகணும் என்று கேட்கிற கண்டக்டர், அந்த மாடுகளிடம் மட்டும் கேட்க மறந்துவிட்டாள். அவை வண்டி மாடுகள். பிறந்ததிலிருந்து செங்கலும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு ரோட்டில் நேராகப் போய் நேராக வந்து பழகியவை. ஏர் என்ற ஒன்றை அன்றுதான் பார்க்கின்றன. "ஏர் பூட்டியிருக்கீங்களான்னு அவுங்க கேக்கவே இல்லீங்களே" என்று வண்டிக்காரர் பிற்பாடு பரிதாபமாகச் சொன்னார்.

வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தன. அக்காவின் கையிலிருந்த கயிறு நழுவியது. இரண்டு கையாலும் மேழியை இறுக்கிப் பிடித்தாள். மாடுகள் வரப்பில் ஏறின, கலப்பையும் ஏறியது, அக்காவும் ஏறினாள். மறுபக்கம் இறங்கினால் சித்தப்பா நிலம். அதன் நட்டநடுவில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு சால் விழுந்துகொண்டே போனது. அந்த ஊரில் அப்படி ஒரு நேரான சாலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

"நிறுத்து! நிறுத்து!" என்று சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

"நிறுத்தத் தெரிஞ்சா நிறுத்த மாட்டனா!" என்று அக்கா ஓடினாள்.

"கயித்தை எடுத்து இழுங்க!" என்று வண்டிக்காரர் கத்தினார்.

"கையை எடுக்கக் கூடாதுங்களே!"

அவளுக்குப் பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஊர். மாடுகள் சித்தப்பா நிலத்தைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறின. கொழு தாரில் உரசிய சத்தத்துக்கு எனக்குப் பல் கூசியது. இடதுபக்கமாக ஒழுங்காக ஒதுங்கி, ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றன. வண்டிக்காரர் தினமும் டீ குடிக்கிற கடை. மாடுகள் வாழைப்பழத் தோல் போடும் தகரத்தில் நிதானமாக வாயை வைத்தன. டீக்கடைக்காரர், பழக்கதோஷம், ஒரு டீ போட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மட்டும் நடுரோட்டில், தலைமுடி அவிழ்ந்து, புடவையெல்லாம் புழுதியாக, மேழியைப் பிடித்தபடி நின்றாள். ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சித்தப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "போச்சு, எல்லாம் போச்சு! சுத்து வர்றாளாம் சுத்து! டீ குடிச்சிட்டு மைசூருக்குப் போய்ச் சேரு!"

மூச்சு வாங்கியபடி கடைசியாக வந்து சேர்ந்த ஓனரம்மா, பெஞ்சில் உட்கார்ந்து, டீக்கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டார். "கையை எடுத்தாளா ரீ?"

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. எடுக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

"அப்போ அந்தாண்ட நிலத்துல விழுந்த சால் யாருது?"

"அவளுதுதான்."

"அங்கே வேற யாராவது இன்னிக்கு சால் போட்டாச்சா?"

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. அவருடைய ஏர் பூட்டாமல் மரத்தடியில் கிடந்தது. ஊர் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது.

"அய்யோ கடவுளே," என்றார் ஓனரம்மா, "அப்போ ஈ வருஷம் அந்த நிலமும் இவளுக்கா? ஒரு ஜோடி மாட்டுக்கு ரெண்டு நிலம்! நல்ல வழக்கம் ரீ உங்க ஊர் வழக்கம்."

"அதெப்படி!" என்று சித்தப்பா எகிறினார். "மாடு தறிகெட்டு ஓடுனதுக்கு நெலத்தை எழுதிக் குடுப்பாங்களா? அது என்ற நெலம்! பட்டா என்ற பேர்ல இருக்குது!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அக்கா சத்தமே போடவில்லை. "என்ற நெலத்துப் பட்டா என்ற பேர்ல இருக்குதுங் சித்தப்பா" என்றாள்.

கூட்டத்தில் முதலில் ஒரு கிழவர் கொக்கரித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. சித்தப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி சரி, உன்ற நெலத்தை நீ வெச்சுக்க. என்ற நெலத்துல போட்ட கோட்டை மட்டும் மூடிக் குடுத்துரு" என்று முணுமுணுத்துவிட்டு, அக்காவின் டீயையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு தரம் காபி கொடுத்தபோதே அது தெரிந்துவிட்டது.

நான் இப்போது சேலத்துக்கே திரும்பிவிட்டேன். அக்கா இன்னும் அதே பஸ்ஸில்தான் டிக்கெட் போடுகிறாள். வார லீவில் நிலம். தச்சரின் மகனே வந்து அவள் உயரத்துக்கு ஒரு புதுக் கலப்பை செய்து கொடுத்தானாம், உளி நன்றாகவே இருக்கிறதாம். அவள் நிலத்து ராகி மாவு எனக்கு ஒவ்வொரு அறுவடைக்கும் பஸ்ஸிலேயே வந்து சேர்கிறது, ஒழுங்காக லக்கேஜ் டிக்கெட்டோடு. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு வருவது அந்த டீக்கடை வாசல்தான்.

ஊர் கலைந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் மாடுகளைத் திருப்பி நிலத்துக்கு ஓட்டக் கயிற்றைப் பிடித்திருந்தார். அக்கா அப்போதும் இரண்டு கையாலும் மேழியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா. அவரே ஒத்துக்கிட்டாரே, இன்னும் என்ன?"

"சுத்து இன்னும் முடியல. அவருக்கில்ல, என்ற அப்பனுக்கு" என்றாள். பிறகு, "அம்மிணி, சித்தே கிட்ட வா. இந்தக் கண்ணைத் தொடச்சு வுடு."

அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்து முடித்துவிட்டு என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். எனக்கென்ன, இரண்டு கையும் காலியாகத்தானே இருந்தது.